தில்லைநாயகத்தின் நாக்கு

காலை ஏழு மணிக்குக் கழிவறை பேசியது.

"வணக்கம். தில்லைநாயகம், வயது நாற்பத்தொன்று. சர்க்கரை, சரி. யூரியா, சரி. உப்பு, மிகை. தொடர்ந்து நான்காம் நாள். நலக்காப்பு மன்றத்துக்குத் தகவல் அனுப்பப்பட்டது. இனிய நாளாகுக."

செவ்வாய்க் கோளின் செந்நிலக் குடியிருப்பில் ஆயிரத்து இருநூறு வீடுகள். அத்தனை வீட்டிலும் கழிவறை இப்படித்தான் தினமும் காலையில் முடிவை அறிவிக்கும். அதுவும் உரக்க அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆரம்பத்தில் காதோடு காதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மனிதர்கள் சாமர்த்தியமாக மறைத்துவிட்டு, அப்புறம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். அதனால் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மலச்சிக்கல் என்று சுவர் வழியாகக் காதில் விழுந்தால், விழுந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பப்பாளித் துண்டு கொடுத்தனுப்புவது அங்கே நாகரிகம்.

அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த பூங்கோதையின் கையிலிருந்து கரண்டி நழுவியது. செவ்வாயின் ஈர்ப்பு கொஞ்சம்தான். கரண்டி ஆற அமர விழுந்து, இரண்டு முறை எம்பிக் குதித்துவிட்டு ஓய்ந்தது.

"நாலாவது நாளா?" என்று கத்தினாள்.

துண்டோடு வெளியே வந்தார் தில்லைநாயகம். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "சத்தியமா நான் எதையும் தொடலம்மா."

"அப்போ உப்பு வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

"தெரியல. என்னைக் கேட்டா?"

"உங்களைக் கேக்காம பக்கத்து வீட்டுக்காரரையா கேக்கறது?"

பூங்கோதை கோபப்பட்டதில் தப்பில்லை. செவ்வாயில் பத்து பேரில் ஒருவருக்கு, சொந்த இதயம் நாற்பது வயதுக்குள் சோம்பேறியாகிவிடும். அதற்குக் கைகொடுக்க, நெல்லிக்காய் அளவில் ஒரு துணையிதயத்தை விலாவுக்குள் வைத்துத் தைப்பார்கள். தில்லைநாயகத்துக்கும் தைத்திருந்தார்கள். அருமையான கருவிதான். ஒரே ஒரு குறை, உப்பு ஏறினால் திணறும். நாள் ஒன்றுக்கு மூன்று கிராம் உப்பு, அதுவும் காய்கறியிலேயே இருக்கிறதையெல்லாம் சேர்த்து. அதற்கு மேல் போனால் அவர் உயிருக்கு மன்றம் பொறுப்பல்ல.

பதினொரு மாதமாக அந்த வீட்டு அடுக்களையில் உப்பு ஜாடியே கிடையாது. சாம்பாரில் உப்பில்லை, ரசத்தில் உப்பில்லை, தோசை மாவில் உப்பில்லை. அவருக்கு இல்லாதது தனக்கு எதற்கு என்று அவளும் அதையே சாப்பிட்டாள். முதல் மாதம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மென்று, ஒருவரை ஒருவர் பாவமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. இத்தனை தவத்துக்குப் பிறகு மனுஷன் வெளியே போய் ஊறுகாயை நக்கிவிட்டு வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குப் பற்றி எரியாது?

எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம். தொடர்ந்து ஏழு நாள் உப்பு மிகை என்று வந்தால், நலக்காப்பு மன்றம் அந்த ஆளைக் 'கட்டுப்பாடற்றவர்' பட்டியலில் சேர்த்துவிடும். பட்டியலில் சேர்ந்தவருக்கு நாப்பூட்டு. அரிசி மணி அளவு ஒரு சில்லு. நாக்கின் அடியில் ஊசியால் செலுத்திவிட்டால், ருசி என்ற சங்கதியே மூளைக்குப் போகாது. ருசி தெரியாதவன் திருடித் தின்ன மாட்டான் என்பது மன்றத்தின் கணக்கு. ஒருமுறை பூட்டினால் பூட்டினதுதான். நரம்புகள் காய்ந்துபோகும், திருப்பி எடுக்க வழியில்லை.

நான்காம் தெரு கோபாலரத்தினத்துக்குப் பூட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் போண்டா வாசனை பிடித்துக்கொண்டே மூன்று தெரு தாண்டி வருகிற மனிதர். இப்போது கடிகாரத்தைப் பார்த்தபடி பதினோரு நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்கிறார். அந்த "நல்லாருக்கு"வைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவி அழுததைப் பூங்கோதை நேரில் பார்த்திருக்கிறாள்.

தில்லைநாயகமோ நாக்கால் வாழ்கிற ஆள். குமிழ்க்கூரைக்கு அடியில் காபி பயிரிடும் தோட்டத்தில் அவர்தான் தலைமைச் சுவைஞர். ஒரு வாய் காபியை நாக்கில் உருட்டிவிட்டு, இந்தக் கொட்டை எந்த வரிசைச் செடியில் பறித்தது, வறுத்தவன் எத்தனை நொடி அசந்துபோனான் என்றெல்லாம் சொல்லிவிடுவார். அந்த நாக்கைப் பூட்டினால் வேலையும் போச்சு, மனுஷனும் போச்சு.

"இன்னிலேர்ந்து தோட்டத்துக்கு லீவு போடுங்க" என்றாள். "என் கண்ணு முன்னாடிதான் இருக்கணும்."

"இருக்கேன். ஆனா பூங்கோதை, இந்தக் காபியில ஏதோ சரியில்ல. ஒரு வாரமாவே வழவழன்னு இருக்கு. குடிச்சு முடிச்சதும் பின்னால லேசா ஒரு கரிப்பு."

"பதினொரு மாசமா உப்புக்கு ஏங்கற நாக்கு. அதுக்குக் காத்துகூடத்தான் கரிக்கும். பேசாம குடிங்க."

அவர் பேசாமல் குடித்தார்.

அன்று மத்தியானம் பூங்கோதை அவர் சட்டைப் பைகளைத் துழாவினாள். தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர் தூங்கும்போது வாயருகே குனிந்து மோந்துகூடப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மீதி இருந்தது ஒரே இடம், மூன்றாம் தெருவில் அவர் தங்கை குமுதவல்லி வீடு.

பூங்கோதை நேரே அங்கே போய், கேட்காமல் கொள்ளாமல் அலமாரியைத் திறந்தாள். நடுத்தட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி இருந்தது.

"இது என்னடி குமுதா?"

"பூமியிலேர்ந்து வந்தது அண்ணி. கல்யாண நாளுக்குத் திறக்கலாம்னு வச்சிருக்கேன்." சொல்லும்போதே குமுதவல்லிக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "எங்கண்ணனுக்கு நான் விஷம் வைக்கறேன்னு நினைச்சீங்களா? நல்லாப் பாருங்க, மூடியில முத்திரைகூட உடைக்கல."

உடைக்கவில்லைதான். பூங்கோதைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குமுதவல்லி நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு வாரத்துக்கு முன் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, காபியின் மேல் வெள்ளையாக ஏடு மாதிரி மிதந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயே, இந்தத் தண்ணியவா இன்னும் குடிக்கிறீங்க?" என்று கேட்டவள் அவள்தான்.

அந்தத் தண்ணீர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செந்நிலத்தில் தண்ணீர் இரண்டு வகை. நிலத்தடிப் பனி உருகிப் பாறை இடுக்கில் ஊறி வருவது பாறைநீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. உடம்புக்கு நல்லது, பார்வைக்கு மட்டம். கெட்டிலில் வெள்ளையாகக் காரை கட்டும், பருப்பு ஒரு மணி நேரம் வெந்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். இதே தண்ணீர் கொல்லைப்புற அறையில் இருக்கும் மென்னீர்ப் பெட்டி வழியாகப் போய் வந்தால் மென்னீர். குளியலறைக்கும் துணி துவைக்கிற பொறிக்கும், மூட்டில் காரை பிடிக்கக் கூடாத வீட்டு வேலைக்கார ரோபோவுக்கும் அதுதான். அடுக்களைக் குழாயில் மட்டும் பாறைநீர் வரும்படி வீடு கட்டினவர்கள் தனியாக வைத்திருந்தார்கள்.

குமுதவல்லி "ஐயே" என்று சொல்லிவிட்டுப் போன அன்றே, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த திருகைப் பூங்கோதை திருப்பிவிட்டாள். அடுக்களைக்கும் மென்னீர் வந்தது. பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. கெட்டிலைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மேடையில் வைத்தாள். முகம் பார்க்கலாம் போல இருந்தது, அவளும் பார்த்தாள்.

ஊறுகாய் ஜாடியைத் திருப்பி வைத்துவிட்டு அவள் கண் கலங்கியதைக் கண்டு குமுதவல்லி இளகிவிட்டாள். "அழாதீங்க அண்ணி. அண்ணனை நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. உடம்புல ஏறின உப்பெல்லாம் அலசிட்டுப் போயிடும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்று முதல் பூங்கோதை மணிக்கு ஒரு சொம்பு என்று எண்ணி எண்ணி நீட்டினாள். அவர் குடித்தார். வயிறு உப்ப, மூச்சு முட்ட, நாளுக்கு ஐந்து லிட்டர். கூடவே காபி வேறு.

ஐந்தாம் நாள் கழிவறை சொன்னது. "உப்பு, மிகை. நேற்றைவிடக் கூடுதல்."

ஆறாம் நாள் சொன்னது. "உப்பு, கடும் மிகை."

பூங்கோதைக்குப் புரியவே இல்லை. இரண்டு நாளாக அவரை வாசற்படி தாண்ட விடவில்லை. அவள் கையால் கொடுத்ததைத் தவிர ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தும் எப்படித் தின்கிறார்? எப்போது தின்கிறார்?

"உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள். "நான் கோச்சுக்க மாட்டேன். எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

தில்லைநாயகம் அவளையே பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. "பதினாலு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தியிருக்கே. நான் பொய் சொல்லி ஒரு தடவையாவது பார்த்திருக்கியா?" என்றார்.

பார்த்ததில்லை. ஆனால் கழிவறையும் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

ஏழாம் நாள் காலை மன்றத்திலிருந்து ஒப்புதல் படிவம் வந்தது. கட்டுப்பாடற்றவர்கள் தாங்களாகக் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதால் வீட்டில் இருப்பவர்தான் போட வேண்டும். பூங்கோதை போட்டாள். தாலி பெரிதா நாக்கு பெரிதா என்று தன்னைத்தானே நாலு முறை கேட்டுக்கொண்டுதான் போட்டாள். தில்லைநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் முன்னாடி போறேன். நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு, மன்றத்துக்கு நிலத்தடியில் ஓடும் குகை வண்டிக்கு நடந்தார். பதினொரு மணிக்கு ஊசி.

அவர் போன கால் மணியில் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் பிலவேந்திரன் நின்றிருந்தான். குடியிருப்பின் குழாய்களுக்கெல்லாம் அவன்தான் மேற்பார்வை. தோளில் ஒரு மூட்டை.

"என்னம்மா, மாசக் கடைசிக்கு வர வேண்டியவன், அதுக்குள்ள உங்க மென்னீர்ப் பெட்டி காலின்னு மணி அடிக்குது? தண்ணிய அருவியா விடுறீங்களோ?"

மூட்டையின் வயிற்றில் கொட்டை எழுத்தில் 'உப்பு' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததுமே பூங்கோதை வாசலை மறித்து நின்றாள்.

"அதை உள்ள கொண்டு வராதீங்க அண்ணே! எங்க வீட்டுல ஒரு கல் உப்பு கிடையாது. என் கஷ்டம் தெரியாம நீங்க வேற!"

பிலவேந்திரன் சிரித்தான். "ஒரு கல் கிடையாதா? மாசம் ஒரு மூட்டை போகுதேம்மா."

"அது பெட்டிக்குத்தானே."

"பெட்டிக்குப் போயி?"

"பெட்டியைக் கழுவிட்டு... சாக்கடைக்குப் போயிடும்."

"முக்காவாசி போயிடும். மீதி?"

பிலவேந்திரன் மூட்டையைக் கீழே இறக்கினான்.

"பெட்டிக்குள்ள மணி மணியா ஒரு பிசின் இருக்கும்மா. குகை வண்டி மாதிரி வச்சுக்குங்களேன். உள்ள இடமில்ல, ஒருத்தர் ஏறணும்னா ஒருத்தர் இறங்கணும். தண்ணியில வர்ற கால்சியமும் மக்னீசியமும் ஏறிக்கும். ஏற்கெனவே உக்காந்திருந்த சோடியம் இறங்கிடும். சோடியம்னா உப்புல பாதி. இறங்கினது எங்க போகும்? குழாயிலதான் வரும். குளிக்க, துவைக்க ஒண்ணும் பண்ணாது. குடிக்கிறதுக்காகத்தான் அடுக்களைக் குழாயைத் தனியா விட்டு வச்சிருக்கோம். அதை நீங்க தொடலையே?"

பூங்கோதை அப்படியே அந்த உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ" என்றாள். சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை தெருவே கேட்கும்படி வந்தது. "ஐயோ! என் கையாலயே குடுத்தேனே! மணிக்கு ஒரு சொம்பு, எண்ணி எண்ணிக் குடுத்தேனே!"

மேடையிலிருந்த கெட்டிலைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு குகை வண்டியைப் பிடிக்க ஓடினாள். பிலவேந்திரன் தன் அளவுமானியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். செவ்வாயில் ஓடுவது ஓட்டமே இல்லை, பாதி தாவல். கெட்டில் மூக்கிலிருந்து தண்ணீர் வழிநெடுக மெதுவாகச் சிந்திக்கொண்டே வந்தது.

மன்றத்தின் ஏழாம் அறைக் கதவை அவள் தோளால் இடித்துத் திறந்தாள். சாய்வு நாற்காலியில் தில்லைநாயகம். வாய் மூடாதபடி இரண்டு பக்கமும் கவ்வி மாட்டியிருந்தது. நாக்கைத் துணியால் பிடித்தபடி டாக்டர் மெஹருன்னிசா ஊசியை உயர்த்தியிருந்தார்.

"கையை எடுங்க டாக்டர்!"

"அம்மா, கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நான்தான். தப்பாப் போட்டுட்டேன். அவர் திங்கல, நான்தான் ஊட்டினேன். இதோ, இதுலதான் இருக்கு."

டாக்டர் பளபளக்கிற கெட்டிலைப் பார்த்தார், பிறகு பிலவேந்திரனைப் பார்த்தார். அவன் அளவுமானியை உள்ளே விட்டு, எண்ணைத் திருப்பிக் காட்டினான். லிட்டருக்கு நானூறு மில்லிகிராம் சோடியம். சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் ஏறத்தாழ ஒரு கிராம்.

"எத்தனை லிட்டர் குடிச்சார்?"

"அஞ்சு. காபி, சாம்பார் தனி."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "அஞ்சு கிராமுக்கு மேல. இவருக்கு மொத்தமே மூணுதான். நல்ல இதயம், நல்ல சிறுநீரகம் இருக்கறவங்களுக்கு மென்னீர் குடிச்சா பெரிசா ஒண்ணும் ஆகாது. நம்ம பாறைநீர் ரொம்பக் கடினம், அதனால இறங்கற சோடியமும் அதிகம். உப்பைக் குறைக்கச் சொன்னவங்களுக்கும், பால் கலக்கற கைக்குழந்தைக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. இது எல்லாருக்கும்..."

தெரியும் என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தினார். தன் இருக்கையை விட்டு எழுந்து சுவர்த்திரையில் பட்டியலைத் திறந்தார். இரண்டு ஆண்டில் நாப்பூட்டுப் போடப்பட்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர். "பிலவேந்திரன், இதுல யார் யார் வீட்டுல அடுக்களைக்கும் மென்னீர் போகுது? திருகு எந்தப் பக்கம்னு உங்க குழாய்க் கணக்குல தெரியும்ல? அதையும் இந்தத் திரையிலயே திறங்க."

அவன் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தான். கோபாலரத்தினம் பெயரில் நின்றான். தலையாட்டினான். மேலே போனான். வர வர அவன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"இருபத்தொன்பது டாக்டர்."

"மத்த ஒன்பது பேர்?"

"அவங்க நெசமாவே ஊறுகாய் தின்னிருப்பாங்க போல."

யாரும் சிரிக்கவில்லை. இருபத்தொன்பது பேர். எல்லாரும் சத்தியம் செய்திருப்பார்கள். எல்லார் வீட்டிலும் ஒருத்தர் நம்பாமல் கையெழுத்துப் போட்டிருப்பார். பூங்கோதைக்குக் கோபாலரத்தினத்தின் மனைவி முகம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாளிடம் இதை யார் போய்ச் சொல்வது?

"திருப்பி எடுக்க வழியே இல்லையா டாக்டர்?"

"இல்ல" என்றார் டாக்டர்.

நாற்காலியில் கவ்வியோடு கிடந்த தில்லைநாயகத்தை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள். அவர் தொண்டைக்குள் ஏதோ உறுமினார். கவ்வியைக் கழற்றியதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "நான்தான் அப்பவே சொன்னேனே, கரிக்குதுன்னு."

செந்நிலத்தின் அத்தனை கருவிகளும் கண்டுபிடிக்காததை ஒரு வாரத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்த நாக்கு. அதைத்தான் பூட்ட இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கோதை திருகைப் பழையபடி திருப்பினாள். அப்புறம் அவர் காலடியில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். "என்னை நல்லாத் திட்டுங்க. நாலு வார்த்தை திட்டினாத்தான் எனக்கு ஆறும்."

"திட்டறதுக்கு நாக்கு மிச்சம் இருக்கே, அது போதும்" என்றார் அவர். "முதல்ல ஒரு காபி போடு. ஏடு மிதந்தாலும் பரவாயில்ல."

மூன்றே நாளில் அவர் உப்பு சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. அடுத்த வாரம் மன்றம் குடியிருப்பு முழுவதும் அறிக்கை விட்டது. வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை, தொட்டிக்கு அடியிலுள்ள திருகைத் திருப்பினால் போதும். அடுக்களையில் பாறைநீர் வரும், அதைக் குடியுங்கள். இருபத்தொன்பது பேரின் கதை தெரிந்து ஊரே ஆடிப்போயிருந்தது. அன்று ஒரே நாளில் எண்ணூறு திருகுகள் திரும்பின.

பிறகு கெட்டில்களில் காரை கட்டத் தொடங்கியது.

இரண்டு மாதத்தில் அங்காடியில் புதிதாக ஒரு பெட்டி வந்தது. உப்பகற்றி. மென்னீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். அது சேர்த்த சோடியத்தை இது முழுக்க உறிஞ்சிவிடும். கூடவே தண்ணீரில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். ஒன்றுமே இல்லாத தண்ணீரைக் குடித்தால் எலும்புக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்கள். உடனே மூன்றாவது பெட்டி வந்தது. தாதூட்டி. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அளவாகச் சேர்த்துக் கொடுக்கும். கொல்லைப்புறத்து மென்னீர்ப் பெட்டியையும் எடுத்து வந்து, மூன்றையும் அடுக்களைச் சுவரில் வரிசையாக மாட்டிவிட்டால் பார்க்கவே லட்சணமாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

பூங்கோதை நான்கு மாதம் தாக்குப்பிடித்தாள். ஒருநாள் குமுதவல்லி வந்தாள். அண்ணன் குழாயில் டம்ளரைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, பூங்கோதையைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டாள்.

"செத்துப் பிழைச்ச மனுஷனுக்குக் குழாய்த் தண்ணியா அண்ணி குடுக்குறீங்க?"

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே ஒருமுறை அவரைக் கொல்லப் பார்த்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு. இதிலும் சிக்கனம் பிடிக்கிறாள் என்று பேர் வர வேண்டுமா? அடுத்த வாரமே மூன்று பெட்டியும் சுவரில் ஏறின. பிலவேந்திரன்தான் வந்து மாட்டினான். மாட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் அளவுமானியை எடுத்து முதலில் மூன்று பெட்டித் தண்ணீரை அளந்தான். பிறகு அடுக்களைக் குழாயை அளந்தான். தலையைச் சொறிந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான்மா இருக்கு" என்றான். "கால்சியம் ஒண்ணு, மக்னீசியம் ஒண்ணு, சோடியம் ஒண்ணு. நல்ல தண்ணிக்கு மன்றம் போட்ட அளவே நம்ம பாறைநீரைப் பார்த்துப் போட்டதுதானே. அதை வச்சுத்தான் கம்பெனிக்காரன் பெட்டியைப் பண்ணியிருக்கான்."

தில்லைநாயகம் வந்தார். மூன்று பெட்டித் தண்ணீரை ஒரு வாய் நாக்கில் உருட்டினார், குழாய்த் தண்ணீரை ஒரு வாய் உருட்டினார். "ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு, டம்ளரைக் குழாயிலேயே நிரப்பிக் கடகடவென்று குடித்தார்.

பூங்கோதை பதறிப்போய் டம்ளரைப் பிடுங்கினாள். "என்ன காரியம் பண்றீங்க! வீட்டுல மூணு பெட்டி இருக்கறப்போ பச்சைத் தண்ணியக் குடிக்கிறீங்களே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"இந்தத் தண்ணிதான்டி என்னைக் காப்பாத்துச்சு."

"அது அப்போ. வேற வழியில்ல."

"ரெண்டும் ஒண்ணுன்னு இவர் அளந்து சொல்றார். என் நாக்கும் சொல்லுது."

"ஒண்ணுன்னா, அப்புறம் எதுக்கு மூணு பெட்டி விக்கிறாங்க?"

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். காபியின் வரிசையையும் வறுவலையும் சொல்கிற நாக்குக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

"அண்ணே, இந்தக் குழாயை அடைச்சிருங்க" என்றாள் பூங்கோதை. "திறந்திருந்தா இவர் திருட்டுத்தனமாக் குடிச்சுக்கிட்டே இருப்பார்."

பிலவேந்திரன் குனிந்து, குழாயின் வாயில் அடைப்பை வைத்து முறுக்கி, பசையைப் பூசினான். வேலை முடிந்ததும் அவள் மூன்று பெட்டித் தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து அவனிடம் நீட்டினாள். அவன் அண்ணாந்து குடித்தான்.

"உங்க வீட்டுல என்ன தண்ணி அண்ணே? விஷயம் தெரிஞ்சவர், நீங்க குழாய்ல பிடிச்சுத்தான் குடிப்பீங்க" என்றார் தில்லைநாயகம், ஒரு கடைசி நம்பிக்கையோடு.

பிலவேந்திரன் தரையைப் பார்த்தான். "அளக்குறது வேலைங்க, அது வேற. எங்க வீட்டுல நாலு பெட்டி."

"நாலாவது என்ன செய்யும்?"

"அது எனக்கும் தெரியலங்க. ஆனா பச்சை விளக்கு எரியுது."

பூங்கோதை சுவர்ப் பக்கம் திரும்பித் தன் மூன்று பெட்டிகளையும் பார்த்தாள். ஒன்றிலும் விளக்கு இல்லை.